வேளாண் பல்கலைக்கழகமும் உழவர் வயலும்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விரிவாக்கப் பணிகளின் பேறுகளும் படிப்பினைகளும்

ஆய்வுச் சுருக்கம்

கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றும் வேளாண் பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் பணிகளாகும். இவற்றுள் விரிவாக்கப் பணி பொதுவாகப் பயிற்சி முகாம்கள், பங்கேற்ற உழவர்கள், வழங்கப்பட்ட இடுபொருள்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பங்காற்றிய திருந்திய நெல் சாகுபடி, துல்லியப் பண்ணையம், பப்பாளி மாவுப்பூச்சிக் கட்டுப்பாடு ஆகிய மூன்று நிகழ்வுகளை இக்கட்டுரை விளக்குகிறது. புதிய முறையை ஏற்பதால் வரும் இடரை யார் சுமந்தார், அறிவு எந்த வடிவில் வயலை அடைந்தது, அது எந்த மொழியில் பேசப்பட்டது ஆகிய மூன்று வினாக்களைக் கொண்டு அவற்றை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: வேளாண் விரிவாக்கம், வேளாண் அறிவியல் நிலையம், திருந்திய நெல் சாகுபடி, துல்லியப் பண்ணையம், உயிரியல் கட்டுப்பாடு, வேளாண் கலைச்சொற்கள்

முன்னுரை

தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வேளாண் கல்லூரி மாணவர்களின் செயல்விளக்கம் பற்றிய செய்திகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. விதை நேர்த்தி, மண் மாதிரி எடுத்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல் ஆகியவற்றை மாணவர்கள் செய்து காட்டினர் என்றும், உழவர்கள் கலந்துகொண்டு பயன்பெற்றனர் என்றும் அச்செய்திகள் அமையும். ஊரக வேளாண்மைப் பணி அனுபவம் என்னும் பாடப் பகுதிக்காக இறுதியாண்டு மாணவர்கள் சிற்றூர்களில் தங்கியிருக்கும் காலத்தில் இத்தகைய செய்திகள் மிகுதியாகும்.

செயல்விளக்கம் நடைபெற்றதைச் செய்தி தெரிவிக்கிறது; பயன்பெற்றனரா என்பதை அடுத்த பருவமே தெரிவிக்கும். அன்று கற்ற விதை நேர்த்தியை உழவர் தம் நிலத்தில் தாமே செய்தாரா, செய்யாவிடில் அதற்குக் காரணம் அறியாமையா, ஆள் பற்றாக்குறையா, பணமின்மையா என்பன செய்தியின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. விரிவாக்கப் பணியின் பேறு நிகழ்ச்சி நாளுக்கும் உழவரின் முடிவுக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில்தான் உருவாகிறது. அக்காலத்தை நோக்கி ஆய்வுப் பார்வையைத் திருப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விரிவாக்கம்: வரலாற்றுப் பின்னணி

சென்னை சைதாப்பேட்டையில் 1868ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வேளாண்மைப் பள்ளியிலிருந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு தொடங்குகிறது. அப்பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. கோவையின் வேளாண்மைக் கல்லூரியும் அதனோடு இணைந்த ஆராய்ச்சிப் பணிகளும் 1971ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமாக உருப்பெற்றன.

இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களின் அமைப்பு அமெரிக்காவின் நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களை முன்மாதிரியாகக் கொண்டது. அந்நாட்டில் 1862ஆம் ஆண்டுச் சட்டம் கல்விக்கும், 1887ஆம் ஆண்டுச் சட்டம் ஆராய்ச்சி நிலையங்களுக்கும், 1914ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக்கத்துக்கும் அடித்தளமிட்டன. இந்தியாவில் முதல் மாநில வேளாண் பல்கலைக்கழகம் 1960இல் பந்த் நகரில் தோன்றியது. ஆயினும் ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் விரிவாக்கப் பணியின் பெரும்பகுதி பல்கலைக்கழகத்தின் பொறுப்பாகும். இந்தியாவிலோ ஊர்தோறும் அலுவலர்களைக் கொண்டிருப்பது மாநில வேளாண்மைத் துறை. பல்கலைக்கழகம் புதிய தொழில்நுட்பத்தை முதன்முதலாக வயலில் சோதித்துக் காட்டுகிறது. துறை அலுவலர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. எனவே ஒரு தொழில்நுட்பம் பரவினாலும் பரவாவிட்டாலும் அதன் காரணம் முழுவதையும் பல்கலைக்கழகத்தின் மேல் ஏற்றுதல் பொருந்தாது.

பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முன்பே தமிழகத்தில் விரிவாக்கம் வேரூன்றியிருந்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஆடுதுறை 27 என்னும் நெல் இரகம் 1960களில் தஞ்சைப் பகுதியில் பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் அதற்குப் பெருந்துணை புரிந்தன. உழவர்கள் அந்நெல்லை ‘ரேடியோ நெல்’ என்றே வழங்கினர். நிலையம் இட்ட பெயர் இரகம் பிறந்த ஊரைக் குறித்தது. உழவர் இட்ட பெயர் செய்தி வந்த வழியைக் குறித்தது. ஒரு தொழில்நுட்பத்தை உழவர் எதனோடு தொடர்புபடுத்தி நினைவில் கொள்கிறார் என்பதற்கு இவ்வழக்கு நல்ல சான்றாகும்.

வேளாண் அறிவியல் நிலையங்கள்

மோகன் சிங் மேத்தா தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வேளாண் அறிவியல் நிலையம் என்னும் அமைப்பை ஏற்படுத்தியது. நாட்டின் முதல் நிலையம் 1974ஆம் ஆண்டு புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிருவாகத்தின்கீழ்த் தொடங்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் எழுநூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன.

இந்நிலையங்களின் பணிகளுள் இரண்டு வேறுபடுத்தி அறியத்தக்கன. முதலாவது வயல்வெளி ஆய்வு. ஆராய்ச்சி நிலையத்தில் வெற்றி பெற்ற ஒரு முறை குறிப்பிட்ட வட்டாரத்தின் மண், நீர், ஆள்வசதி ஆகியவற்றுக்குப் பொருந்துமா என்பதை உழவரின் நிலத்திலேயே சோதிப்பது இது. இரண்டாவது முதல்நிலைச் செயல்விளக்கம். பொருந்தும் என்று தெளிந்த முறையை அண்டை உழவர்கள் காணும்படி ஒருவர் வயலில் நிகழ்த்திக் காட்டுவது இது. முன்னதில் விடை தெரியாது. பின்னதில் விடை தெரியும். முன்னதில் உழவர் உடன்ஆய்வாளர். பின்னதில் அவர் சான்றாளர். இவ்விரண்டும் ‘திடல்’ என்னும் ஒரே சொல்லால் அறிக்கைகளில் குறிக்கப்படும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. வயல்வெளி ஆய்வில் ஒரு முறை தோற்பதும் பயனுள்ள முடிவே. சாதனைகளை மட்டும் தொகுக்கும் அறிக்கையில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

திருந்திய நெல் சாகுபடி: சிக்கனமும் உழைப்பும்

மடகாசுகர் தீவில் 1980களில் ஆன்றி தெ லொலானியே என்னும் பாதிரியார் உழவர்களோடு சேர்ந்து உருவாக்கிய நெல் சாகுபடி முறை, 2000ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கு வந்தது. பின்னர்க் காவிரிப் படுகையிலும் தாமிரபரணிப் படுகையிலும் உழவர் வயல்களில் அது சோதிக்கப்பட்டது. உலக வங்கியின் உதவியோடு 2007இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்தின் வழியாகப் பரவலான செயல்விளக்கங்களும் நிகழ்ந்தன.

இம்முறையின் கூறுகள் எளியவை. பதினான்கு நாள் வயதுடைய இளநாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுதல். வயலில் எப்போதும் நீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுதல். கோனோ களைக்கருவியை வரிசைகளுக்கிடையே உருட்டிக் களைகளை மண்ணிலேயே அமுக்குதல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. ஏக்கருக்கு ஏறத்தாழ 3 கிலோ விதை போதுமானது. வழக்கமான நடவில் இதைப்போல் பல மடங்கு விதை செலவாகும். இளநாற்று மிகுதியாகத் தூர் கட்டும்; அகன்ற இடைவெளி வேருக்கும் ஒளிக்கும் இடம் தரும்; விட்டுவிட்டு நீர் கட்டுவதால் வேர்ப்பகுதிக்குக் காற்றோட்டம் கிடைக்கும். விளைச்சலுக்கும் நீர்ச் சிக்கனத்துக்கும் இவையே காரணங்கள்.

ஆயினும் இம்முறையை முயன்ற உழவர் அனைவரும் அதைத் தொடரவில்லை. தொடர்ந்தவருள்ளும் பலர் சில கூறுகளை மட்டுமே கைக்கொண்டனர். இதனை உழவரின் மனப்பாங்கு மாறாமையாகக் கொள்வது எளிது. நடைமுறையை நோக்கினால் வேறு காரணங்கள் புலப்படும். கயிறோ அடையாளக் கருவியோ கொண்டு சதுரமாக நட, நடவுப் பெண்கள் தம் கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பழகும்வரை வேலை மெதுவாகும். ஒப்பந்த முறையில் ஏக்கர் கணக்கில் கூலி பெறுவோருக்கு இது வருவாய் இழப்பாகும். கையால் களையெடுத்தல் பெண்களின் வேலையாக இருந்தது. களைக்கருவி வந்த வயல்களில் அது ஆண்களின் கைக்கு மாறுவதும் உண்டு. வாய்க்கால் பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடப்படும் இடத்தில், வேண்டும்போது காயவிட்டு வேண்டும்போது பாய்ச்சுதல் தனி ஒருவரின் விருப்பத்துக்கு உட்பட்டதன்று. ஆழ்துளைக் கிணறு உடையவருக்கு எளிதாகும் முறை, கடைமடை உழவருக்கு இடராகிறது.

எனவே நீர்ச் சிக்கனத்தால் வரும் ஆதாயம் ஒருவருக்கும், அதற்கான உழைப்புச் சுமை மற்றொருவருக்கும் சேரும் நிலை இங்கு உண்டு. பயிற்சிக்கு நிலவுடைமையாளரை மட்டும் அழைத்து, நடவு செய்யும் பெண்களை அழைக்காத திட்டம் பாதிப் பணியையே செய்ததாகும்.

துல்லியப் பண்ணையம்: இடரைப் பகிர்தல்

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் 2004-05ஆம் ஆண்டு தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டத்தை மாநில அரசின் நிதியுதவியோடு பல்கலைக்கழகமே நேரடியாகச் செயல்படுத்தியது. மூன்றாண்டுகளில் 400 எக்டேர் நிலத்தை உட்படுத்திய இத்திட்டம், மழை குறைந்த அப்பகுதியில் தக்காளி, மிளகாய், வாழை முதலிய தோட்டப் பயிர்களை மையமாகக் கொண்டது. உளிக்கலப்பையால் ஆழ உழுதல், நிழல்வலைக்குள் குழித்தட்டுகளில் நாற்று வளர்த்தல், சொட்டுநீர்ப் பாசனம், நீரில் கரையும் உரங்களைப் பாசன நீரோடு செலுத்துதல் ஆகியன இதன் தொழில்நுட்பக் கூறுகளாகும்.

இத்திட்டத்தின் தனித்தன்மை இரண்டு ஏற்பாடுகளில் தங்கியுள்ளது. முதலில் சேர்ந்தோருக்கு முழு மானியம் வழங்கப்பட்டது. பிந்தைய ஆண்டுகளில் சேர்ந்தோருக்கு மானிய விழுக்காடு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. முதலில் முயல்பவர் அறியாத ஒன்றில் இறங்குகிறார். அவர் வயலைக் கண்டபின் வருபவருக்கு அவ்வளவு இடர் இல்லை. இடரின் அளவுக்கேற்ப உதவியின் அளவை அமைத்தது பொருளியல் நோக்கில் தெளிவான முடிவாகும். மற்றொன்று, உழவர்களைக் குழுக்களாக்கிச் சங்கங்களாகப் பதிவு செய்தமை. தனியொருவர் தக்காளியைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும்போது விலையை வணிகர் முடிவு செய்வார். சங்கமாகச் சேர்ந்தால் இடுபொருளை மொத்தமாக வாங்கவும், வண்டி வாடகையைப் பகிரவும், வணிகரோடு பேசவும் இயலும். முதற்பயிரை அறிவியலாளர்கள் வயலில் உடனிருந்து வழிநடத்தினர். அடுத்தடுத்த பயிர்களை உழவர்கள் தாமே மேற்கொண்டனர். உடனிருந்து கற்பித்துப் பின் விலகும் இம்முறை, ஒருநாள் பயிற்சி முகாமினின்று பெரிதும் வேறுபட்டது.

இதன் எல்லையும் அறியத்தக்கது. சொட்டுநீர்க் கருவிகளுக்கான மானியத் திட்டங்கள் பொதுவாகச் சிட்டா, அடங்கல் முதலிய நில ஆவணங்களின் அடிப்படையில் இயங்குகின்றன. வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோரும், தம் பெயரில் பட்டா இல்லாத பெண் உழவர்களும் அவ்வாயிலில் நின்றுவிடுகின்றனர். தொழில்நுட்பம் நிலத்தைப் பார்க்கிறது. ஆவணம் உடைமையாளரைப் பார்க்கிறது. நிலத்தில் உழைப்பவர் இவ்விரண்டுக்கும் இடையே விடுபட்டுப் போகக்கூடும்.

பப்பாளி மாவுப்பூச்சி: உயிராக வந்த அறிவு

மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2008ஆம் ஆண்டு கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி எனப் பல பயிர்களையும் செடிகளையும் அது தாக்கியது. கொங்குப் பகுதியின் மரவள்ளி உழவர்களும் பட்டுவளர்ப்போரும் பெரும் இழப்புக்கு உள்ளாயினர்.

இப்பூச்சியின் உடலை மூடியுள்ள மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடுவதில்லை. மீண்டும் மீண்டும் மருந்தடித்தும் பூச்சி திரும்பி வந்தது. மல்பெரி பயிரிடுவோரின் நிலை இன்னும் கடினமானது. இலையில் மருந்து தங்கினால் அதை உண்ணும் பட்டுப்புழு மாண்டுவிடும். மருந்தடிக்காவிடில் புழுவுக்கு இலை கிடைக்காது.

தாயகத்தில் இப்பூச்சியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் இயற்கை எதிரிகளைக் கொணர்வதே தீர்வாகக் கொள்ளப்பட்டது. அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு, பெங்களூரில் உள்ள தேசிய ஆய்வு நிறுவனத்தின் வழியாக, புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவி இனங்கள் 2010இல் தருவிக்கப்பட்டன. பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யாமை உறுதி செய்யப்பட்டபின் அவை வயல்களில் விடப்பட்டன. பல்கலைக்கழகம் அவற்றைப் பெருமளவில் வளர்த்துத் தன் கல்லூரிகள், ஆராய்ச்சி நிலையங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாக உழவர்களுக்கு வழங்கியது. அசிரோஃபேகஸ் பப்பாயே என்னும் இனமே இவற்றுள் சிறப்பாக நிலைபெற்றது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு அப்பூச்சியை உள்ளிருந்து உண்டு வளரும். சில மாதங்களிலேயே மாவுப்பூச்சியின் தாக்குதல் வெகுவாகக் குறைந்தது.

இங்கு விரிவாக்கத்தின் பணி வழக்கத்துக்கு மாறானது. ‘இதைச் செய்க’ என்று கூறிப் பழகிய விரிவாக்கம், ‘மருந்தடிக்காமல் பொறுத்திருங்கள்’ என்று கூற நேர்ந்தது. பயிர் அழிவதைக் கண்ணால் காணும் உழவரிடம், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு குளவியை நம்பிச் சில வாரங்கள் காத்திருக்கச் சொல்வது எளிதன்று. ஒருவர் பொறுத்திருக்க, பக்கத்து வயலுக்காரர் மருந்தடித்தால் குளவிகள் அங்கே மடியும். ஆகவே இது தனி உழவருக்கு உரைத்து முடியும் செய்தியன்று. ஊர் முழுவதும் ஒருங்கே ஏற்க வேண்டிய முடிவு. குளவி ஒருமுறை நிலைபெற்றபின் பட்டா உடையவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி அனைவர் நிலத்துக்கும் அது தானே பறந்து சென்றது. மானியத் திட்டங்கள் எளிதில் எய்த இயலாத பொதுமை இங்கு எய்தப்பட்டது.

விரிவாக்கத்தின் மொழி

தமிழாய்வாளர் கவனத்துக்குரிய கூறு விரிவாக்கத்தின் சொல்வழக்காகும். ஒற்றை நாற்று நடவு, செம்மை நெல் சாகுபடி, திருந்திய நெல் சாகுபடி எனப் பல பெயர்கள் ஒரே முறைக்கு வழங்கின. முதற்பெயர் செயலைக் கூறுவது. கேட்ட அளவில் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கும். மூன்றாம் பெயரில் உள்ள ‘திருந்திய’ என்பது தன்வினை எச்சம். ‘திருத்திய’ என்றிருப்பின் உழவரின் முறையைப் பிறர் பிழைகண்டு திருத்தினர் என்னும் குறிப்புத் தோன்றும். ‘திருந்திய’ என்பதில் அக்குறிப்பு இல்லை. பெயரிட்டோர் இதனை எண்ணியே இட்டனரோ எனினும், உழவரை இழிவுபடுத்தாத சொல்லாக அது அமைந்தது.

‘ஒட்டுண்ணி’ என்னும் சொல்லின் நிலை வேறு. அறிவியல் வழக்கில் அது நடுநிலைச் சொல். பேச்சு வழக்கிலோ பிறர் உழைப்பில் வாழ்பவரைப் பழிக்கும் சொல். ஒட்டுண்ணியைத் தம் வயலில் விட உழவர் தயங்குவது இயல்பே. ‘நன்மை செய்யும் பூச்சி’ என்னும் தொடர் விரிவாக்க நூல்களில் நிலைபெற்றமை இத்தயக்கத்தைக் களையும் தேவையால் எழுந்ததாகலாம். கலைச்சொல்லாக்கத்தில் துல்லியத்தோடு கேட்போரின் சொல்லுணர்வும் கருதப்பட வேண்டும் என்பதற்கு இவை சான்றுகள்.

அளவைகளும் மொழியின் பகுதியே. பரிந்துரைகள் எக்டேருக்கும் கிலோவுக்கும் அமைகின்றன. உழவர் ஏக்கர், சென்ட், மூட்டை என எண்ணுகிறார். காவிரிப் படுகையில் மா, வேலி ஆகியன இன்றும் வழக்கில் உள்ளன. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. எக்டேருக்கு உரைக்கப்பட்ட உர அளவை மாவுக்கு மாற்றும் கணக்கு உழவரிடம் விடப்படும்போது பிழை நேர வாய்ப்பு உண்டு.

‘உழவரின் வளரும் வேளாண்மை’ என்னும் திங்களிதழ், இணையவழி வேளாண் தகவல் தளம், தமிழில் நடத்தப்பெற்ற தொலைநிலைச் சான்றிதழ்ப் படிப்புகள் ஆகியவற்றால் பல்கலைக்கழகம் இவ்விடைவெளியைக் குறைக்க முயன்றுள்ளது. வயது முதிர்ந்த உழவர்களும் தமிழில் பயின்று பட்டம் பெறும் வகையில் பண்ணைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பும் நடத்தப்பட்டது. 2021-22ஆம் கல்வியாண்டில் இளநிலை வேளாண்மை, தோட்டக்கலைப் படிப்புகள் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. ஆங்கிலத்தில் பயின்று ஊருக்குச் சென்றபின் தமிழில் சொல் தேடும் நிலையை இது மாற்றக்கூடும். அதற்குப் பாடநூல்களின் தமிழும் உழவர் வழக்கும் ஒன்றையொன்று அறிந்திருத்தல் இன்றியமையாதது. இப்பணியில் தமிழ்த் துறைகளுக்கும் பங்குண்டு. வட்டார வேளாண் சொற்களைத் தொகுத்துள்ள அகராதிகளும் நாட்டார் வழக்காற்று ஆய்வுகளும் வேளாண் கல்லூரிகளின் பாட ஆக்கத்தில் பயன்படுத்தப்பட வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட மூன்று நிகழ்வுகளிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. புதிய முறையை முதலில் ஏற்பவரின் இடரைத் திட்டம் பகிர்ந்துகொள்ளும்போது அம்முறை விரைந்து வேரூன்றுகிறது. துல்லியப் பண்ணையத் திட்டத்தின் படிநிலை மானியம் இதற்குச் சான்று.

2. உழைப்பின் பங்கீட்டை மாற்றும் தொழில்நுட்பம், உழைப்போரைப் பயிற்சியில் சேர்த்தாலன்றி நிலைபெறுவது அரிது. திருந்திய நெல் சாகுபடியின் அனுபவம் இதனை உணர்த்துகிறது.

3. சில சிக்கல்களுக்குத் தனி உழவரைவிட ஊரும் வட்டாரமுமே உரிய அலகுகளாகும். மாவுப்பூச்சிக் கட்டுப்பாடு இதனை மெய்ப்பித்தது.

4. சொல்லும் அளவையும் தொழில்நுட்பத்தின் புறத்தோற்றங்கள் அல்ல. அது ஏற்கப்படுவதற்கான காரணிகள்.

விரிவாக்க அறிக்கைகளில் பங்கேற்றோர் எண்ணிக்கைக்கு அருகே மூன்று செய்திகள் இடம்பெறுதல் வேண்டும். இரண்டு பருவங்களுக்குப் பின்னும் அம்முறையைத் தொடர்வோர் எத்தனை பேர், கைவிட்டோர் கூறும் காரணம் யாது, பயிற்சி பெற்றோருள் குத்தகையாளரும் பெண்களும் எத்தனை பேர் என்பனவே அவை. ஊரகப் பணி அனுபவத்துக்காக ஆண்டுதோறும் சிற்றூர்களில் தங்கும் மாணவர்களைக் கொண்டே இத்தரவுகளைத் திரட்டலாம். சென்ற ஆண்டு மாணவர் செயல்விளக்கம் நிகழ்த்திய வயலுக்கு இவ்வாண்டு மாணவர் சென்று கேட்டு எழுதினால், பத்தாண்டுகளில் தமிழக வேளாண் மாற்றத்தின் ஊர்வாரியான ஆவணம் ஒன்று உருவாகிவிடும். கைவிட்டவரின் காரணம் அடுத்த ஆராய்ச்சியின் வினாவாக அமையும்போது, வயலிலிருந்து ஆய்வகத்துக்குச் செல்லும் வழியும் திறக்கும்.